புதையல் காசு யாருக்கு உரியது?



காவிரியாறு கருநாடகத்து மலைகளைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் புகுமிடத்தில், தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில், பாறைகளுக்கிடையே பல பிரிவாய்ப் பிரிந்து வீழ்கிறது. ‘புகையும் கல்’ என்பது அக்கன்னடப் பெயரின் பொருள். வீழும் நீர் திவலையாய் எழுந்து புகைபோல் பரவுவதைக் கண்டவர்கள் அவ்வாறு பெயரிட்டனர். ஆடிப் பதினெட்டாம் நாளில் அங்கு நீராட வருவோர், காவிரித் தாயை வணங்கிக் கையிலுள்ள காசொன்றை நீரில் இடுவதுண்டு. அக்காசு அடிமணலைத் தொடுமுன்னரே மீன்குஞ்சுபோல் பாய்ந்து அதனைப் பற்றிவரும் சிறுவரையும் அங்கே காணலாம்.

இட்டவர் அக்காசைத் திரும்பக் கேட்பதில்லை. எடுத்தவனும் குற்றம் செய்தவன்போல் ஒளிவதில்லை. ஒரு ரூபாய்க்காக யாரும் வழக்காட மாட்டார்கள். ஆனால், இருநூறு முந்நூறு ஆண்டுகட்கு முன் மண்ணில் மறைத்து வைத்த பொற்காசு ஒன்று ஒருவர் கையில் அகப்பட்டால், அது யாருக்கு உரியது? மறைத்தவர் வழியினருக்கா? கண்டெடுத்தவருக்கா? நிலத்துக்குடையவருக்கா? அல்லது அரசாங்கத்துக்கா?

இக்கேள்வி எனக்குப் புதியதன்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், அதே ஒகேனக்கல் பாறையொன்றின்மேல் அமர்ந்திருந்தபோது, என் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி அது. அதற்கு நான் தவறான விடை சொன்னேன். அந்தத் தவற்றை இன்று உங்கள்முன் ஒப்புக்கொண்டு, சரியான விடை இன்னதென்று எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

அப்போது நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, பென்னாகரத்தை அடுத்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் பணியேற்றிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவர்களை ஒருநாள் ஒகேனக்கல்லுக்கு அழைத்துச் சென்றோம். பரிசலில் ஏறியும், அருவியில் நீராடியும், கட்டுச்சோற்றை உண்டும் பிள்ளைகள் களித்திருந்தனர். சிறுவர் காசுக்காக நீரில் மூழ்குவதை எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கையில், வகுப்பில் வாய்திறவாத மாணவன் ஒருவன் என்னருகே வந்து அமர்ந்தான். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து விரித்தான். உள்ளே துவரம்பருப்பின் அளவே உடைய மஞ்சள் நிறக் காசு ஒன்று இருந்தது.

“சார், எங்கள் கிணற்றை ஆழப்படுத்தியபோது ஒரு கலயம் கிடைத்தது. அது நிறைய இந்தக் காசுதான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்பா சொன்னார். இது யாருக்குச் சொந்தம், சார்?” என்று அவன் மெல்லக் கேட்டான்.

நான் சிறிதும் தயங்கவில்லை. “மண்ணுக்கடியில் கிடைப்பதெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம், தம்பி. தெரிந்தால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்” என்றேன். பையன் முகம் வாடியது. காசை மீண்டும் மடித்து வைத்துக்கொண்டான். அதற்குமுன், அக்காசின் இரு பக்கங்களையும் பார்த்து என் குறிப்பேட்டில் பென்சிலால் படம் வரைந்துகொண்டேன். அவ்வளவே நான் செய்தது.

ஒரு வாரம் கழித்து அவன் தந்தையாரைச் சந்தையில் கண்டேன். அவர் என்னைத் தனியே அழைத்துக் கைகூப்பினார். “வாத்தியாரய்யா, நல்ல வேளையாகப் பையனிடம் சொன்னீர்கள். மறுநாளே பத்தரிடம் கொடுத்து எல்லாவற்றையும் உருக்கிவிட்டேன். மாற்றுக் குறைவு என்று சொல்லிப் பாதி விலைதான் கொடுத்தார். போகட்டும், அதுவாவது கைக்கு வந்ததே!” என்றார். அவர் எனக்கு நன்றி கூறினார், மாணவர்களே! அந்த நன்றி இன்றளவும் என் நெஞ்சில் முள்ளாய் உறுத்துகிறது. ஏனெனில், சில ஆண்டுகள் சென்றபின் அதற்குரிய சட்டத்தைத் தேடிப் படித்தபோதுதான், நான் சொன்னது முற்றும் தவறு என்பதை உணர்ந்தேன்.

அச்சட்டத்தின் பெயர் இந்தியப் புதையல் சட்டம் என்பது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1878-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் இன்றும் வழக்கில் உள்ளது. கருநாடகம் 1962-ஆம் ஆண்டிலும், கேரளம் 1968-ஆம் ஆண்டிலும் தத்தமக்கெனத் தனிச் சட்டம் செய்துகொண்டன. ஆகவே, ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி அக்கரை சேர்ந்தால், மொழி மாறுவதுபோலவே புதையலைப் பற்றிய சட்டமும் மாறும். நான் இங்கே கூறுவது இக்கரைச் சட்டத்தை.

மண்ணிலோ, மண்ணோடு பொருந்திய ஒன்றிலோ மறைந்து கிடக்கும் விலைமதிப்புள்ள எப்பொருளும் புதையல் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. பொன்னே ஆகவேண்டும், காசே ஆகவேண்டும் என்பதில்லை. நிலத்தடியில் உள்ள கலயமும் புதையல். பழைய வீட்டுச் சுவருக்குள் வைத்துப் பூசிய பணமுடிப்பும் புதையல். ஆடிப் பதினெட்டில் ஆற்றில் இட்ட காசு யாரும் மறைத்து வைத்ததன்று. ஆதலின் அதனைப் பற்றி இங்கே கவலை வேண்டா.

பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால், கண்டெடுத்தவர் இயன்ற விரைவில் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருள் எத்தகையது, அளவும் மதிப்பும் ஏறத்தாழ எவ்வளவு, எங்கே கிடைத்தது, எந்த நாளில் கிடைத்தது என்ற செய்திகள் அதில் இருத்தல் வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அல்லது, கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவதாக ஆட்சியர் ஏற்கும் பிணை கொடுக்க வேண்டும். இது கண்டெடுத்தவர் கடமை.

அதன்பின் ஆட்சியர் ஓர் அறிவிப்பு வெளியிடுவார். இப்பொருளுக்கு உரிமை கோருவோர் இன்ன நாளில் வரலாம் என்பது அவ்வறிவிப்பு. அந்த நாள், அறிவிப்பு வெளியான நான்கு மாதத்துக்கு முன்னதாகவோ ஆறு மாதத்துக்குப் பின்னதாகவோ இருத்தல் கூடாது. கண்டெடுப்பதற்கு முந்திய நூறாண்டுக்குள், உரிமை கோரி வந்தவரோ அவர் முன்னோரோ அதனைப் புதைத்திருக்கக்கூடும் என்று நம்ப இடமிருந்தால், அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து நிலைநாட்டத் தவணை அளிப்பார். அத்தகைய உரிமை எவருக்கும் இல்லையெனில், பொருள் உடையவரற்றது என்று அறிவிப்பார்.

இனிமேல்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது. உடையவரற்றது என்று அறிவிக்கப்பட்ட புதையல் அரசாங்கத்துக்குப் போய்விடுவதில்லை. நிலத்துக்குரியவர் என்று வேறு எவரும் வாராவிடில், அது முழுவதும் கண்டெடுத்தவருக்கே கொடுக்கப்படும். நிலத்துக்குரியவர் வேறொருவராக இருந்து, இருவருக்குமிடையே உடன்படிக்கை எதுவும் இல்லையானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு; நிலத்துக்குரியவருக்குக் கால் பங்கு. கூலிக்கு மண்வெட்டும் ஏழைக்கு முக்கால் பங்கும், நிலக்கிழாருக்குக் கால் பங்கும் அளிக்கும் சட்டம் 1878-இல் இருந்தது என்பது வியப்புக்குரியதன்றோ?

அப்படியானால் அரசாங்கத்தின் உரிமை எங்கே வருகிறது? பங்கிட்டுக் கொடுப்பதற்கு முன், புதையல் முழுவதையுமோ அதில் ஒரு பகுதியையோ அரசாங்கத்துக்காக எடுத்துக்கொள்வதாக ஆட்சியர் அறிவிக்கலாம். அவ்வாறு எடுத்தால், அப்பொருள் எந்த உலோகத்தால் ஆனதோ அந்த உலோகத்தின் மதிப்பையும், அதற்குமேல் ஐந்திலொரு பங்கையும் உரியவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். நூறு ரூபாய்ப் பொன்னுக்கு நூற்றிருபது ரூபாய். எனவே, அரசாங்கத்துக்கு உள்ளது பறிக்கும் உரிமையன்று. விலை கொடுத்து வாங்கும் உரிமை.

ஆனால், சொல்லாமல் மறைத்தவர்க்கு இச்சட்டம் கடுமையானது. அவர்தம் பங்கு முழுவதும் அரசாங்கத்தைச் சேரும். ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அடையாளம் தெரியாதவாறு பொருளை உருமாற்றுவதும் இதே குற்றந்தான்.

இனி, என் மாணவனுடைய தந்தையாரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிலம் அவருடையது, கிணறு அவருடையது, கண்டெடுத்தவரும் அவரே. அவர் ஆட்சியருக்கு ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருந்தால், ஒன்று அக்காசுகள் முழுவதும் அவரிடமே திரும்பி வந்திருக்கும். அல்லது, பொன்னின் மதிப்புக்குமேல் ஐந்திலொரு பங்கு கூடுதலாகப் பணம் வந்திருக்கும். பத்தரிடமோ பாதி விலைதான் கிடைத்தது. நேர்மையாக நடந்து மிகுதியாகப் பெற்றிருக்க வேண்டியவரை, நட்டமடைந்து குற்றவாளியாகவும் ஆகச் செய்தது எது? அவர் பேராசையன்று, ஆசிரியனாகிய என் அரைகுறை அறிவே.

மண்ணிற் கிடைத்த பொருளைப் பற்றிய இச்சிந்தனை நமக்கு வெளியிலிருந்து வந்ததன்று. வள்ளுவர், வேந்தனுக்குரிய வருவாய்களுள் ஒன்றாக ‘உறுபொருள்’ என்பதைக் கூறினார். வைத்தவர் இறந்துபோக, நெடுங்காலம் நிலத்தில் கிடந்து பின்னர்க் கண்டெடுக்கப்பட்டதும் அதில் அடங்கும் என்று பரிமேலழகர் விளக்கினார். கண்டெடுத்து அறிவித்தவனுக்கு ஆறிலொரு பங்கு என்று கௌடிலியரின் அர்த்தசாத்திரம் விதித்தது. உரோமாபுரிப் பேரரசன் ஏட்ரியன், கண்டெடுத்தவனுக்குப் பாதி, நிலத்துக்குரியவனுக்குப் பாதி என்று வகுத்தான். பங்கு நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், கண்டெடுத்தவனை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்ற அறம் பல இடங்களில் போற்றப்பட்டது.

உருக்கினால் பொன் பொன்னாகத்தானே இருக்கிறது, இழப்பு என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சான்று கூறுகிறேன். 1898-ஆம் ஆண்டில், அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அகஸ்டசு முதல் வெஸ்பேசியன் வரையிலான பேரரசர்களின் காலத்தவை அவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் அரசனின் தலையுருவின்மீது உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. மீண்டும் நாணயமாக வழங்காமல், எடைபோட்டுக் கொள்ளும் பொன்னாகவே அவை இருக்கவேண்டும் என்று கருதி அவ்வாறு வெட்டினர் போலும் என்பர் ஆராய்ச்சியாளர். ஒரே ஒரு காசு கிடைத்திருந்தால், அத்தழும்பு ஏதோ சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளப்பட்டிருக்கும். நூற்றுக்கணக்கில் ஒருங்கே கிடைத்தமையால், ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முந்திய தமிழகத்து வாணிகமுறை நமக்குத் தெரியவந்தது.

இன்னொன்று காணுங்கள். 1946-ஆம் ஆண்டில், இராசபுதனத்துப் பயானா என்னும் ஊரருகே குப்தர் காலத்துப் பொற்காசுகள் நிறைந்த செப்புக் கலம் ஒன்று கிடைத்தது. ஊரார் அவற்றைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். ஒரு பகுதி உருக்கப்பட்டும் போயிற்று. பரத்பூர் அரசர் தலையிட்டு மீட்டவையே 1,800-க்கு மேற்பட்டவை. வரலாற்றறிஞர் அல்தேகர் அவற்றை ஆராய்ந்து விரிவான நூலாக வெளியிட்டார். உருக்கப்பட்டவற்றில் எவ்வகைக் காசுகள் இருந்தன என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.

காசு என்பது அரசன் உலோகத்தில் எழுதிய கடிதம். அது கிடைத்த இடமும், உடனிருந்த காசுகளும், அதை வைத்திருந்த கலயமும் அக்கடிதத்தின் உறை. கடிதத்தைக் கிழித்தாலும், உறையை எறிந்தாலும், செய்தி குறைபடும்.

இனி, உலோகத்தின் விலையை வைத்துக் காசின் மதிப்பை அளக்கும் முறையில் உள்ள குறையையும் நான் மறைக்கக்கூடாது. திருவண்ணாமலைப் பகுதியில், செங்கம் வட்டத்து ஆண்டிப்பட்டியில் ஈயக் காசுகள் கொண்ட புதையல் ஒன்று கிடைத்தது. பழந்தமிழ் எழுத்தில் ‘சேந்தன்’ என்ற பெயர் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தது. கரூரில் அமராவதி ஆற்று மணலில், ‘மாக்கோதை’ என்றும் ‘கொல்லிப்பொறை’ என்றும் சேர மன்னர் பெயர் தாங்கிய காசுகள் கிடைத்துள்ளன. பாட்டில் மட்டுமே கேட்டறிந்த அரசர் வழியினரை, கையால் தொட்டு அறியும்படி செய்த காசுகள் இவை. ஆனால் ஈயத்துக்கும் செம்புக்கும் விலை என்ன? உலோக மதிப்போடு ஐந்திலொரு பங்கு சேர்த்தாலும், கண்டெடுத்த உழவருக்கு ஆட்சியர் அலுவலகம் சென்று திரும்பும் பேருந்துக் கட்டணமும் தேறாது. அதே காசுக்குச் சேகரிப்போர் ஆயிரக்கணக்கில் கொடுக்கக் காத்திருப்பர். பொற்காசுக்கு நீதி செய்யும் சட்டம், அரிய ஈயக் காசுக்கு நீதி செய்யவில்லை.

இங்கிலாந்து இதனை வேறு வகையாக அணுகியது. 1992-ஆம் ஆண்டு நவம்பரில், சப்போக் மாவட்டத்து ஆக்சன் என்னும் சிற்றூரில், உழவர் ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடித்தருவதற்காக, அவருடைய நண்பர் உலோகங்காட்டும் கருவியோடு வயலில் இறங்கினார். சுத்தியலைத் தேடியவருக்கு உரோமானியப் புதையல் தென்பட்டது. அவர் முழுவதையும் தோண்டியெடுக்காமல் உடனே தெரிவித்தார். தொல்பொருள் அறிஞர் வந்து மண்ணடுக்குக் கலையாமல் எடுத்தனர். ஏறத்தாழ 15,000 காசுகள் அதில் இருந்தன. அங்கே கொடுத்தது உலோக விலையன்று, சந்தை மதிப்பு. 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுன் வெகுமதியாக அளிக்கப்பட்டது. அதனை அவர் நிலத்து உழவரோடு பகிர்ந்துகொண்டார். பின்னர் அகப்பட்ட அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது! வரலாற்று மதிப்பை விலையாகக் கொடுத்தால், உண்மை சொல்வோர் பெருகுவர். நம் சட்டமும் அவ்வாறு திருந்தவேண்டும் என்பது என் கருத்து.

மண்ணில் கிடைக்காமல், பாட்டனார் பெட்டியில் இருந்த காசுகளின் நிலை என்ன? அவை புதையலல்ல, குடும்பச் சொத்து. முறையாக விலைக்கு வாங்கிச் சேர்த்தவையும் அவ்வாறே. ஆனால், நூறாண்டும் அதற்கு மேலும் பழமையான காசு, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி தொல்பொருள் ஆகும். அதனைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்தல் கூடாது. தொல்பொருள் வாணிகம் செய்வோர் உரிமம் பெறவேண்டும். பொதுநன்மைக்கு வேண்டுமாயின், ஈட்டுத்தொகை கொடுத்து மத்திய அரசு அதனைக் கட்டாயமாகக் கையகப்படுத்தவும் அச்சட்டம் இடந்தருகிறது.

இந்த ஏற்றுமதித் தடைக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படுவது ஒரு பெருங்காசு. மொகலாயப் பேரரசர் சகாங்கீர் 1613-இல் ஆக்ராவில் அடித்த ஆயிரம் மொகரா நாணயம் அது. எடை ஏறத்தாழ 12 கிலோ! ஐதராபாத் நிசாம் குடும்பத்தாரிடம் வழிவழியாக இருந்ததாகச் சொல்லப்படும் அக்காசு, 1987-இல் சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரில் ஏலத்துக்கு வந்தது. இந்திய அரசு மத்தியப் புலனாய்வுத் துறையைக் கொண்டு ஆராயத் தொடங்கியது. எல்லையைக் கடந்துவிட்ட பொருளை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு அதுவே சான்று.

அரசாங்கம் உரிமை கொண்டாடுவதில் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 1933-ஆம் ஆண்டில் 4,45,500 இருபது டாலர்ப் பொற்காசுகள் அடிக்கப்பட்டன. அவ்வாண்டே, பொன் நாணய வழக்கத்தை அதிபர் ரூசுவெல்டு நிறுத்தினார். ஆகவே அவை வெளியிடப்படாமலே உருக்கப்பட்டன. ஆயினும் சில காசுகள் நாணயச் சாலையிலிருந்து எப்படியோ வெளியேறின. பிலடெல்பியா நகரத்து நகைவணிகர் ஒருவரின் குடும்பத்தார், தம் பெட்டகத்தில் இருந்த பத்துக் காசுகளை உண்மையானவைதாமா என்று பார்த்துச் சொல்லும்படி நாணயச் சாலைக்கு அனுப்பினர். உண்மையானவைதாம் என்று கூறிய அரசாங்கம், திருப்பித் தர மறுத்துவிட்டது! வழக்கு நடந்தது. 2011-இல் நடுவர் குழுவும், 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசாங்கத்துக்கே உரியவை என்று முடிவு செய்தன. எகிப்து மன்னர் பாரூக்கின் சேகரிப்பில் இருந்ததாகக் கருதப்படும் ஒரு காசு மட்டும், உடன்படிக்கையின்படி சட்டத்துக்குட்பட்டு விற்கப்பட்டது. 2021-இல் அது 1 கோடியே 89 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஒரே அச்சில் வந்த காசுகளுள் ஒன்று தனியார் செல்வம், பத்து அரசுடைமை. வேறுபாடு பொன்னில் இல்லை. கைக்கு வந்த வழியில் இருக்கிறது.

ஆகவே, மாணவர்களே, பழங்காசு யாருக்கு உரியது என்று கேட்டால், ஒரே சொல்லில் விடை கூறலாகாது. அது எங்கிருந்து, எவ்வழியாக வந்தது என்று முதலில் கேளுங்கள். மண்ணில் மறைந்து கிடந்ததாயின் தெரிவிப்பது கடமை. பின்னர்ப் பங்கு உண்டு. அரசாங்கம் வேண்டினால் விலை உண்டு. வீட்டில் வழிவழியாக வந்ததாயின் உங்களுடையது. எனினும் நாட்டின் எல்லையைத் தாண்டலாகாது. களவாய் வந்ததாயின், எத்தனை தலைமுறை கடந்தாலும் கேள்விக்கு உட்பட்டது.

நாளை உங்கள் ஊரில் ஏர் உழும்போதோ, கடைக்கால் தோண்டும்போதோ ஒரு கலயம் தென்பட்டால் என்ன செய்வீர்கள்? காசுகளைப் புளியிட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்துத் தேய்ந்துவிடும். தோழர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்காதீர்கள். உடைந்த ஓட்டையும் எறியாதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் சொல்லி, ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கச் செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ வழி கேட்கலாம். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில், திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் நிலத்தைச் சீர்செய்தபோது, கலத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. 1 கிலோ 716 கிராம் எடையுள்ள அவை, ஒன்றும் குறையாமல் அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. மண்வெட்டி பிடித்த கைகளும் வரலாற்றைக் காக்க வல்லவை என்பதற்கு இதனைக் காட்டிலும் வேறென்ன வேண்டும்?

கடைசியாக என் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அன்று வரைந்த படத்தைப் பல ஆண்டுகள் கழித்து, காசியல் கற்ற அறிஞர் ஒருவரிடம் காட்டினேன். ஒரு பக்கத்தில் அமர்ந்த உருவம் போன்ற சில கோடுகள்; மறுபக்கத்தில் மூன்று வரியாகச் சில கீறல்கள். அவர் நெடுநேரம் பார்த்தார். “இது மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசர் அடித்த பணமாக இருக்கலாம், விசயநகரத்தார் காலத்து வேறொன்றாகவும் இருக்கலாம். காசைப் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவேன், படத்தைக் கொண்டு சொல்வதற்கில்லை” என்றார். திப்பு சுல்தானுக்கும் கும்பெனியாருக்கும் நடந்த போரின் முடிவில், 1792-இல் இந்தப் பாரமகால் நாடு கைமாறியது. அந்தப் போர்க்கால அச்சத்தில் ஒரு குடியானவர் தம் சேமிப்பைக் கலயத்தில் இட்டுப் புதைத்தாரா? அதற்கும் முந்திய கதையா? அதைச் சொல்லவல்ல சாட்சிகள் பத்தர் வீட்டுக் குகையில் ஒரே நாளில் உருகிப்போயின.

அந்த மாணவன் என்னிடம் கேட்டது, “இது யாருக்குச் சொந்தம், சார்?” என்பது. இன்று அவன் கேட்டால் நான் சொல்லும் விடை இதுதான்: “தம்பி, பொன்னில் உன் தந்தையாருக்குப் பங்கு உண்டு, சட்டமே அதைக் கொடுக்கிறது. ஆனால் அக்காசு சொல்லும் செய்தியில் நம் எல்லாருக்கும், இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. முதலில் தெரிவிப்போம், வா. நானும் உடன் வருகிறேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் எவரேனும் இக்கேள்வியைக் கேட்டால், நீங்களேனும் தவறாமல் சொல்லுங்கள்.